பேரிக்காய்த் திருட்டும் லண்டன் விசாவும்

அவரிடம் "சுகமா இருக்கிறீங்களா?" என்று கேட்கக் கூடாது. பண்டாரவளையில் எங்கள் வீதியில் இருந்த எல்லாருக்கும் இது தெரியும். எனக்குத்தான் தெரியவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கில ஆசிரியையாக மாற்றலாகி வந்து சில வாரங்களே ஆகியிருந்தன. வீட்டுக் கூரையில் தொலைக்காட்சி டிஷ் பூட்ட ஏணியோடு வந்து நின்ற மனிதரிடம் மரியாதைக்கு அப்படிக் கேட்டுவிட்டேன். அவர் ஏணியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, ஒரு கணம் வானத்தைப் பார்த்தார்.

"முந்தாநேத்து வரைக்கும் நல்லாதான் இருந்தேன் டீச்சர். நேத்துல இருந்து வயிறு சரியில்ல. காலையில ரெண்டு தடவ போயிட்டு வந்தேன். இப்ப பரவால்ல. ஆனா ஏணியில ஏறுனா என்ன ஆவும்னு தெரியல."

தெரியாமலேயே ஏறினார். நானும் என் கணவரும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

என் கணவர் வங்கியில் வேலை செய்பவர். எதற்கும் உத்தரவாதம் கேட்டுப் பழகியவர். கீழிருந்தபடியே, "தம்பி, மழைக்கும் படம் வருமோ?" என்று கேட்டார்.

"வராதுங்க சார்."

"அப்ப எப்ப வரும்?"

"மழ இல்லாதப்ப வரும். இங்க மழ இல்லாத நாளு கொறவு. நீங்க வேணும்னா வேண்டாம்னு சொல்லிருங்க, நான் கழட்டிக்கிட்டுப் போயிர்றேன்."

அவரை வேலைக்கு வைத்திருந்த கடைக்காரர் இதற்காகவே அவரைக் கடைக்குள் நிற்க விடுவதில்லை என்று பிறகுதான் அறிந்தேன். விற்பது வேறு ஆட்கள், பூட்டுவது மட்டும் இவர். ஆனால் வேலை சுத்தம். அவர் பூட்டிய டிஷ் காற்றுக்கு அசையாது. மழைக்குப் படம் வராது என்றால் வரவே வராது. அதிலும் அவர் சொன்ன சொல் தவறவில்லை.

மெலிந்த, உயரமான மனிதர். நாற்பதுக்குக் கொஞ்சம் கீழே. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருக்கும். என்ன கேட்டாலும் முதலில் வானத்தைப் பார்ப்பார், பிறகுதான் பதில். குரலில் குத்தலோ திமிரோ கிடையாது. ஒருவர் ஒன்றைக் கேட்கிறார் என்றால் அது தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் கேட்கிறார் என்று மனதார நம்பினார். உலகத்தில் பாதிக் கேள்விகள் பதில் வேண்டிக் கேட்கப்படுவதில்லை என்ற சங்கதியை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை போலும்.

பக்கத்து வீட்டில் பிள்ளை பிறந்து, எல்லாரும் பார்க்கப் போயிருந்தோம். பிள்ளையின் தகப்பன் பெருமையோடு, "சொல்லுங்க பாப்போம், யாரு மாதிரி இருக்கான்?" என்று இவரிடம் கேட்டுத் தொலைத்தார். நாங்களெல்லாம் ஏற்கெனவே மூக்கு அப்பா, கண் அம்மா என்று பங்கு பிரித்துக் கொடுத்திருந்தோம். இவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "இப்ப யாரு மாதிரியும் இல்லீங்க. கொஞ்ச நாள் போவட்டும், நான் மறுபடி வந்து பாக்குறேன்" என்றார். சொன்னபடியே அடுத்த மாதம் போய்ப் பார்த்து, "இப்ப ஒங்க மாமியார் மாதிரி இருக்கான்" என்றார். அந்த மாமியாரோடு அவர்கள் பேசிக்கொள்வதில்லை.

எங்கள் பள்ளிப் பரிசளிப்பு விழாவுக்கு ஒலிபெருக்கி கட்ட வந்திருந்தார். மேடையிலிருந்து இறங்கிய அதிபர், "என்னுடைய பேச்சு எப்பிடி?" என்று அவரைக் கேட்டார். "நீளம் சார்." அதிபர் சிரித்துச் சமாளித்து, "விஷயம் எப்பிடி?" என்றார். "அது வர்றதுக்குள்ள புள்ளைங்க தூங்கிருச்சு சார்." அடுத்த வருடம் ஒலிபெருக்கி கட்ட வேறு ஆளைக் கூப்பிட்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒரு தரம் தூங்கி விழித்தவள்தான். வாயைத் திறக்கவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள் பின்னேரம் ஈரக் குடையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பைக்குள் சில தாள்கள்.

"டீச்சர், என் சம்சாரம் லண்டன்ல இருக்காங்க. நான் அங்க போறதுக்கு விசா கேட்டேன். இல்லேன்னுட்டாங்க. இங்கிலீசுல நாலு பக்கத்துக்குத் திட்டியிருக்காங்கன்னு நெனக்கிறேன். வாசிச்சுச் சொல்றீங்களா?"

எனக்கு அவர் கல்யாணமானவர் என்பதே அன்றுதான் தெரியும். நான் கேட்கவில்லை, அவர் சொல்லவில்லை. மனைவி அவருடைய மாமன் மகள். மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்கள். கொழுந்து பறிக்கும் குடும்பத்திலிருந்து படித்து முன்னேறி, தாதியாகி, லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்து, அங்கேயே நிரந்தரமாக இருக்க உரிமையும் பெற்றவள். விடுமுறையில் வந்து தோட்டத்துக் கோவிலில் தாலி கட்டிக்கொண்டு திரும்பிப் போயிருந்தாள். கல்யாணமான மூன்று வருடங்களில் அவர்கள் சேர்ந்து வாழ்ந்தது அவளுடைய இரண்டு விடுமுறைகள் மட்டும்தான்.

நான் தாள்களை வாசித்தேன். முதல் காரணம், இவர் முன்பு படிப்பு விசாவில் லண்டன் போய், விசா முடிந்த பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் அங்கே தங்கி, அனுமதியில்லாமல் வேலையும் செய்தவர் என்பது.

"இது உண்மையோ தம்பி?"

"ஆமாங்க. சாப்பாட்டுக் கடயில தட்டு கழுவுனேன். படிக்கப் போன காலேஜ மூடிட்டாங்க."

"பிறகு எப்பிடிப் பிடிபட்டனீங்கள்?"

"பிடிபடல டீச்சர். ஒரு போலீஸ்காரரு ரோட்டுல நிப்பாட்டி, சின்னதா வெள்ள நாய் ஒன்னு இந்தப் பக்கம் போச்சான்னு கேட்டாரு. யாரோ வயசான அம்மாவோட நாய். நாய் போவலீங்க, என் விசாதான் முடிஞ்சு போச்சுன்னு சொன்னேன்."

நான் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"அவர் நாயைப் பற்றித்தானே கேட்டவர்?"

"அவரும் அதத்தான் சொன்னாரு. மொதல்ல நாயத் தேடுவோம், அப்புறமா ஒன் விசாவப் பாப்போம்னாரு. ரெண்டு பேருமா தேடுனோம். ஒரு வேலிக்குப் பின்னாடி இருந்திச்சு. நாயக் குடுத்துட்டு என் பேர எழுதிக்கிட்டாரு. நல்ல மனுசன். அப்புறம் நானே டிக்கட் எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

இரண்டாவது காரணத்தை வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விண்ணப்பத்தில் "உங்கள் மனைவியை முதன்முதலில் நேரில் சந்தித்த திகதி" என்று கேட்டிருந்தார்கள். இவர் அதற்கு எழுதியிருந்த திகதியும் மனைவியின் பிறந்த திகதியும் ஒன்று. "உறவு ஆரம்பித்த திகதி" என்ற இடத்திலும் அதே திகதிதான். இதை நம்ப முடியாது, கேள்விகளுக்கு அக்கறையில்லாமல் பதில் எழுதப்பட்டிருக்கிறது, ஆகவே இது உண்மையான திருமணம்தானா என்பதே சந்தேகம் என்று முடித்திருந்தார்கள்.

"ஏன் தம்பி இப்பிடி எழுதினனீங்கள்?"

"அன்னைக்குத்தானே டீச்சர் மொதல்ல பாத்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில. எனக்கு அஞ்சு வயசு. அம்மா புள்ளயத் தூக்கி என் மடியில வச்சு, 'இந்தாடா ஒன் பொண்டாட்டி'ன்னாங்க. நான் அழுதுட்டேன்."

"ஏன்?"

"அவ ஒண்ணுக்குப் போயிட்டா."

எங்கள் பக்கங்களில் மாமன் மகள் பிறந்த அன்றைக்கே இப்படி ஒருத்தர் கேலியாகச் சொல்வதும், அது பாதி விளையாட்டாகவே வளர்ந்து ஒரு நாள் கல்யாணத்தில் முடிவதும் எவருக்கும் அதிசயமில்லை. அதை லண்டனில் கணினிக்கு முன்னால் இருக்கும் ஒருவருக்கு எப்படிப் புரிய வைப்பது? இவர் மட்டும் ஒரு புகையிரத நிலையத்தில் சந்தித்தோம், பார்த்ததும் பிடித்துவிட்டது என்று எழுதியிருந்தால் அடுத்த மாதமே விமானம் ஏறியிருப்பார்.

மூன்றாவது காரணம்தான் உச்சம். விண்ணப்பத்தின் கடைசியில், "வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?" என்று ஒரு கட்டம். மனிதராய்ப் பிறந்தவர்கள் அதை வெறுமையாக விட்டுவிட்டுக் கையெழுத்து வைப்பார்கள். இவர் தனித்தாள் வாங்கி எழுதியிருந்தார். சின்ன வயதில் மடுல்சீமையில் துரை பங்களாத் தோட்டத்தில் பேரிக்காய் திருடியது, அதுவும் ஒவ்வொரு பருவத்திலும். தெமோதரையிலிருந்து பதுளைக்கு டிக்கட் இல்லாமல் ரயிலில் போனது. லண்டனில் கழுவும்போது உடைத்த தட்டுகள், அதை அப்போதே முதலாளியிடம் சொன்னது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இதை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து கொடுத்தவர் பக்கக் கணக்கில் கூலி வாங்குகிறவர் என்பதால் தடுக்கவில்லை. "உங்கள் சொந்த வாக்குமூலத்தின்படியே சிறு வயது முதல் நீங்கள் விதிகளை மதித்து நடக்கவில்லை" என்று முடிவில் எழுதியிருந்தார்கள்.

"பேரிக்காயை யாரப்பா உங்களிட்டக் கேட்டது?"

"வேற ஏதாவது இருக்கான்னு கேட்டிருந்தாங்களே டீச்சர்."

மேன்முறையீடு செய்யலாம் என்று தாளில் இருந்தது. மனைவி அங்கே ஒரு சட்டத்தரணியைப் பிடித்தாள். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர், என்னோடு தொலைபேசியில் பேசினார். இங்கே இருக்கும் தாள்களை எல்லாம் மொழிபெயர்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். இந்த மனிதரை எனக்குப் பிடித்துப் போயிருந்தது என்பதைத் தவிர அதற்குக் காரணம் எதுவும் இல்லை.

உண்மையான தம்பதி என்பதற்குச் சாட்சியாக இருவரும் அனுப்பிக்கொண்ட வாட்ஸ்அப் செய்திகளைக் கேட்டார் சட்டத்தரணி. காதல் கொஞ்சம் தூக்கலாக இருந்தால் நல்லது என்றும் சொன்னார். நான் நம்பிக்கையோடு உட்கார்ந்தேன். அவள் புதுச் சேலையில் படம் எடுத்து அனுப்பி, "எப்பிடி இருக்கு மச்சான்?" என்று கேட்டிருந்தாள். இவருடைய பதில்: "சேல நல்லா இருக்கு. ஒனக்கு நல்லா இல்ல." இன்னொரு நாள் அவள், "இன்னைக்கு என்ன நெனச்சீங்களா?" என்று கேட்க, "இல்ல புள்ள. பெரகலயில மூணு டிஷ் பூட்ட வேண்டியிருந்திச்சு. நாளைக்கு நெனைக்கிறேன்" என்று எழுதியிருந்தார்.

மறுநாள் இரவு ஒரே ஒரு வரி இருந்தது. "இன்னைக்கு வேல இல்ல. காலையில இருந்து ஒன்னத்தான் நெனச்சுக்கிட்டு இருக்கேன்."

அந்த இடத்தில் நான் மொழிபெயர்ப்பதைக் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டு, எழுந்து போய்த் தேநீர் ஊற்றிக் குடித்தேன்.

இவற்றை வாசித்துவிட்டுச் சட்டத்தரணி உடனே என்னைத் தொலைபேசியில் பிடித்தார். "டீச்சர், நான் ஒருத்தரையும் பொய் சொல்லச் சொல்லேல்லை. அந்த மனுசனை வாக்குமூலத்தில கொஞ்சம் வடிவாச் சொல்லச் சொல்லுங்கோ. கல்லூரி மூடினதால என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிண்டுட்டன் எண்டு ஒரு வரி. அவ்வளவுதான்."

நான் அதை இவரிடம் சொன்னேன். அவர் வானத்தைப் பார்த்தார்.

"தெரியும் டீச்சர். என்ன செய்யணும்னு நல்லாவே தெரியும். ஊருக்கு வந்திருக்கணும். வரல."

"ஏன் வரேல்லை?"

"அந்தக் குசினி சூடா இருக்கும். வெளிய அப்பிடிக் குளிரு. ராத்திரி சோறும் குடுப்பாங்க. அடுத்த மாசம் போவோம்னு நெனப்பேன். ஒவ்வொரு மாசமும் அப்பிடியே நெனச்சேன்."

அன்று மாலை அவர் என் எதிரிலேயே மனைவிக்கு வீடியோவில் பேசினார். வேலைக்கு இறங்கத் தயாராகத் தாதி உடையில் இருந்தாள். நல்ல களையான முகம், ஆனால் தூக்கமில்லாத கண்கள். "ஒரு வரி சொன்னா என்ன கொறஞ்சுருவீங்க மச்சான்?" என்று கேட்டாள். "இதுவும் இல்லேன்னுட்டா நான் வேலய எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன். லயத்துல இருந்துக்கிட்டுக் கொழுந்து பறிக்கிறேன். போதும் எனக்கு, தனியா கெடந்தது."

"ஒனக்குக் கொழுந்து பறிக்க வராது புள்ள."

அவள் படக்கென்று போனை வைத்துவிட்டாள். அவர் கறுத்த திரையைப் பார்த்தபடி இருந்தார். பிறகு, "சொன்னா செய்வா டீச்சர்" என்றார். "மண்ணெண்ண லாம்புல படிச்சவ. மலையில ஏறக் கூடாதுன்னுதான் அவ்வளவு படிச்சா. என்னால அவ திரும்பக் கூடைய மாட்டக் கூடாது. எனக்குப் பொய் சொல்லக் கத்துக் குடுங்க."

என் ஆசிரிய வாழ்க்கையில் எத்தனையோ பாடங்கள் எடுத்திருக்கிறேன், இப்படி ஒன்றை எடுத்ததில்லை. சின்னப் பொய்யிலிருந்து தொடங்கலாம் என்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அழைத்தேன். என் கணவர் ஞாயிறுகளில் ஆட்டிறைச்சிக் கறி வைப்பார். அதை யாரும் இரண்டாம் முறை கேட்டு வாங்கியதில்லை. கறி எப்படி என்று கேட்டால் நல்லாயிருக்கு என்று மட்டும் சொல்ல வேண்டும், அதுதான் பாடம்.

"கறி எப்பிடித் தம்பி?"

அவர் வானத்தைத் தேடி, கூரையைப் பார்த்தார். நான் மேசைக்குக் கீழே கையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"நல்லா இருக்கு சார்."

என் கணவர் முகத்தில் இருபது வருடக் கல்யாண வாழ்வில் நான் காணாத பிரகாசம். எனக்கும் பெருமை தாங்கவில்லை. இவர் மடுல்சீமைக்குத் தன் அம்மாவைப் பார்க்கப் போக வேண்டும் என்று சொல்லி, கை கழுவிவிட்டு அவசரமாகப் பஸ்ஸுக்குப் போனார். பின்னேரம் அடைமழை. கதவு தட்டப்பட்டது. திறந்தால் தலை முதல் கால் வரை நனைந்து அவர் நிற்கிறார். பதுளை பஸ் நிலையம் வரை போய், மடுல்சீமை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, மறுபடி இறங்கித் திரும்பி வந்திருக்கிறார்.

"சார் இருக்காருங்களா? உப்பு கூட. எறச்சியும் வேவல. மன்னிச்சுக்குங்க சார்."

அத்தோடு பாடம் நின்றது. என் கணவரின் ஞாயிற்றுச் சமையலும் நின்றது என்பது நான் எதிர்பாராமல் கிடைத்த கூலி. வாக்குமூலத்தில் குசினியின் சூடும், அடுத்த மாதம் அடுத்த மாதம் என்று இருந்ததும் அப்படியே போயின. இனிமேல் அப்படித் தங்க மாட்டீர்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்ற கேள்விக்கு, "இந்தத் தடவ அவ கூட இருப்பா, விட மாட்டா" என்று சொல்லியிருந்தார். அதையும் மொழிபெயர்த்தேன். சட்டத்தரணி அதன்பின் சில நாட்கள் என்னோடு பேசவில்லை.

இவருடைய அம்மா என் வீட்டுக்கு வந்தது அந்த நாட்களில்தான். மலையில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். குள்ளமான, கணீரென்ற குரலுள்ள மனுஷி. இவர் அவருக்கு ஒரே பிள்ளை. கணவர் இறந்து பல வருடம். லயத்தில் தனியாகத்தான் இருந்தார். ஒரு பை நிறைய ஆனைக்கொய்யாவை என் மேசையில் கொட்டிவிட்டு நேரே விஷயத்துக்கு வந்தார்.

"புள்ளய அவன் மடியில வச்சது நான்தானே டீச்சர்? என்னக் கேட்டா நான் சொல்ல மாட்டேனா? லண்டனுக்கு நான் வாரேன், சாட்சி சொல்றேன். அந்தப் பேரிக்கா மரமே பட்டுப் போச்சு, அதுக்கென்னா இப்ப வழக்கு?"

லண்டனுக்கு வரத் தேவையில்லை, சத்தியக்கடதாசி போதும் என்று சொல்லி ஒரு சமாதான நீதவானிடம் அழைத்துப் போனேன். அம்மா சொல்லச் சொல்ல எழுதினோம். அன்று மலையில் மழை, பெரட்டுக்கு, காலை வேலைக் கணக்கெடுப்புக்கு, போகாமல் தம்பி பெண்டாட்டிக்குத் துணையாக நின்றது, பிள்ளை பிறந்தது, மகன் அழுதது, ஏன் அழுதான் என்பது, நழுவிய பிள்ளையைத் தான் பாய்ந்து பிடித்தது. நீதவான் சிரிப்பை அடக்க முடியாமல் முத்திரையைத் தலைகீழாகக் குத்திவிட்டார். "இதக் குடுத்தா எம் புள்ளய விட்டுருவாங்களா?" என்று அம்மா கேட்டார். "விடுவினம் அம்மா" என்றேன். எனக்கென்ன தெரியும்? ஆனால் நான் அவர் மகனுடைய வகுப்பில் படித்தவள் இல்லை.

விசாரணை லண்டனில் நடந்தது. இவர் போக முடியாது, மனைவிதான் சாட்சி. இங்கே பின்னேரம். என் வீட்டு மேசையில் போனை நடுவில் வைத்துவிட்டு இவரும் அம்மாவும் நானுமாக அதையே பார்த்துக்கொண்டு இருந்தோம். அழைப்பு வந்தபோது அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று முதலில் பிடிபடவில்லை.

"மச்சான், அரசாங்கத்துப் பக்கத்து வக்கீலு கேட்டாரு, பொறந்த அன்னைக்கே ஒங்க புருசன சந்திச்சீங்களான்னு. எனக்கு ஞாபகம் இல்லீங்க, ஆனா அவரு சொன்னா அது அப்பிடித்தான் இருக்கும்னு சொன்னேன். அப்பிடி எப்பிடி நம்புறீங்கன்னாரு. சேல கட்டி படம் அனுப்புனா ஒனக்கு நல்லா இல்லங்கிற மனுசன நம்பாம வேற யார நம்புறதுன்னு கேட்டேன். ஜட்ஜம்மா வாயப் பொத்திக்கிட்டாங்க."

"அந்தச் சேல நெசமாவே நல்லா இல்ல புள்ள."

"தெரியும். குடுத்துட்டேன்."

சில வாரங்களில் தீர்ப்பு மின்னஞ்சலில் வந்தது. மேன்முறையீடு அனுமதிக்கப்பட்டிருந்தது. விதியை மீறித் தங்கியது தவறுதான், ஆனால் அதைத் தானே வலியச் சொல்லித் தானே வெளியேறியவர் இவர் என்று நீதிபதி எழுதியிருந்தார். ஒருவரை ஏமாற்ற நினைக்கிறவர் பேரிக்காயை அறிவிக்க மாட்டார் என்றும், "நாளைக்கு நினைக்கிறேன்" என்று எழுதி மறுநாள் நினைத்தும் காட்டிய கணவரின் திருமணத்தைச் சந்தேகிக்கத் தனக்கு இடமில்லை என்றும் இருந்தது. நான் வாசித்து முடித்ததும் அவர், "ஜட்ஜம்மா எல்லாத்தையும் வாசிச்சிருக்காங்க டீச்சர்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு டிஷ்ஷைப் பார்ப்பதுபோல் முற்றத்தில் போய் நின்றார்.

விசா வந்து, அவர் புறப்பட்டது ஒரு பகல் நேரம். கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வான் எங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நின்றது. அம்மா விடியற்காலையிலேயே மடுல்சீமையிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். கண்டாங்கிச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, அங்குமிங்கும் நடந்தபடி மகனைக் கேள்வியாய்க் கேட்டார்.

"ஸ்வெட்டர் எடுத்துக்கிட்டியா?"

"ஆமாம்மா."

"ஊறுகா போத்தலச் சுத்தி வச்சியா?"

"வச்சேன். ஆனா மூடி சரியில்ல, ஒழுகும்."

"காலையில சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். எறங்கல."

வான்காரர் ஹோர்ன் அடித்தார். என் கணவர் கை கொடுக்க வந்தார். ஊர் வழக்கப்படி, வழியனுப்பும் எவரும் கேட்கும் அந்தக் கேள்வியை வாயில் எடுத்தார். "அப்ப தம்பி, இனி எப்ப..."

"சார், இந்தப் பையக் கொஞ்சம் தூக்கி உள்ள வைங்க" என்று அம்மா குறுக்கே புகுந்து, பெரிய பையை அவர் கையில் திணித்தார். அவர் பையைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார்.

இவர் வான் கதவில் ஒரு காலை வைத்தபடி அம்மாவைப் பார்த்துக்கொண்டு நின்றார். எதற்கோ காத்திருப்பது தெரிந்தது.

"வேற ஏதாவது கேக்கணுமாம்மா?"

"ஒன்னும் இல்ல. ஏறு. மழ வருது."

அவர் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். ஏறினார். வான் சரிவில் இறங்கி, சந்தியில் திரும்பி மறைந்தது. அம்மா வீதியிலேயே நின்றார். நான் குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தேன். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அவருக்கு வரவில்லை.

"ஊறுகாய் மட்டும் விசாரிச்சீங்கள். திரும்பி எப்ப வருவாய் எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லையே அம்மா?"

அவர் சந்தியைப் பார்த்தபடியே சொன்னார்.

"கேட்டா சொல்லிப்புடுவானே டீச்சர். அப்புறம் நான் எத நெனச்சுக்கிட்டு இருக்குறது?"